வதனி அக்காவின் பனிக்கால ஜீப்

வண்டி ஓட்டத் தெரியாத இரண்டு ஆண்கள், ஓட்டத் தெரிந்த ஒரு பெண்ணுக்கு ஜீப் தேர்ந்தெடுக்கப் போன கதை இது. அந்த ஆண்களில் ஒருவன் நான்.

2005ஆம் ஆண்டு டிசம்பர் மாதம். ஜெர்மனியின் ஆஹென் நகரத்தில் வாகனப் பொறியியல் மேற்படிப்பில் எனக்கு அது இரண்டாவது குளிர்காலம். எஞ்சினுக்குள் தீ எப்படிப் பரவுகிறது என்று மூன்று பக்கத்துக்குச் சமன்பாடு எழுதுவேன். ஆனால் நாமக்கல்லில் எடுத்த என் லைசென்ஸ், ஜெர்மனிக்கு வந்து ஆறு மாதம் ஆனதும் வெறும் அட்டையாகிவிட்டது. அதற்கு முன்பும் அது ஏறக்குறைய அட்டைதான். டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர் பக்கத்தில் உட்கார்ந்து தன் பிரேக்கில் கால் வைத்திருக்க, மைதானத்தில் எட்டுப் போட்டதோடு என் ஓட்டுநர் வாழ்க்கை முடிந்துபோனது.

இன்னொருவர் குணம் அண்ணை. யாழ்ப்பாணத்துக்காரர். ஹம் நகரத்துத் தமிழ்க் கடையில் ஒரே ஒரு கறிவேப்பிலைக் கட்டு மிச்சமிருந்த நாளில், இருவரும் ஒரே நேரத்தில் அதில் கை வைத்ததில் பழக்கம். ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டோம். அதன் பிறகு அவர் தெற்கே மலைப் பக்கம், திருகாணித் தொழிற்சாலை ஒன்று இருக்கும் சிற்றூருக்கு வேலை மாறிப் போய்விட்டார். ஜெர்மன் லைசென்சுக்கான எழுத்துத் தேர்வை மூன்று முறை எழுதி, மூன்று முறையும் வலப்பக்கமிருந்து வருகிறவருக்கு வழிவிடும் கேள்வியிலேயே விழுந்தவர். "வலப்பக்கத்தாலை வாறவன் சைக்கிள்காரன் எண்டாலும் நான் நிக்கோணுமோ?" என்பது அவர் கட்சி.

அந்த வீட்டில் ஓட்டத் தெரிந்தவர் அவர் மனைவி வதனி அக்கா.

ஒரு ஞாயிற்றுக்கிழமை குணம் அண்ணை போன் செய்தார். "தம்பி, நீங்கள் கார் இஞ்சினியருக்குத்தானே படிக்கிறியள்? வதனிக்கு ஒரு ஜீப் எடுக்கோணும். சின்னதா, எங்கட கைக்கு அடக்கமா, ஆனா சினோவிலை, அதுதான் பனியிலை, மலை ஏறோணும். நீங்கள் வந்து பாத்து ஓம் எண்டாக் காணும்."

தெரியாது என்று நான் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் எனக்கு அந்த வார்த்தை வராது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடப் படியேறிய முதல் ஆள் நான். ஒன்பது வயதிலிருந்து எங்கள் தெருவுக்கே கரண்ட் பில், கோர்ட் நோட்டீஸ், மாத்திரை அட்டை எல்லாம் படித்துச் சொன்னவன். பாதி புரியாதபோதும் முழுதும் புரிந்த முகத்தோடு சொல்லிப் பழகிவிட்டேன். நல்ல வேளையாக யாரும் சாகவில்லை. "வந்துடறேனுங்கண்ணை," என்றேன்.

புதன்கிழமை கிளம்பினேன். பையில் நான்கு கார் பத்திரிகைகள், அகராதி, இருபத்தாறு கேள்விகள் எழுதிய நோட்டு. மேலே என்னுடைய ஒரே கோட்டு. அது நேர்முகத் தேர்வுகளுக்காகப் பழைய துணிக் கடையில் வாங்கியது. கறுப்பு. உள்ளே வேறொருவரின் பெயர் தைத்திருந்தது.

ரயிலில் எதிரே உட்கார்ந்த பெரியவர், காகிதத்தைப் பிரித்து ஒரு ரொட்டியை எடுத்தார். அதன் மேல் சிவப்பாக ஏதோ தடவி வெங்காயம் தூவியிருந்தது. தக்காளிச் சட்னி மாதிரி இருக்கிறதே என்று ஆசையாகப் பார்த்தேன். அவர் புரிந்துகொண்டு விளக்கினார். அரைத்த பன்றிக் கறியாம். பச்சையாக. காலையில்தான் அரைத்தார்களாம். எங்கள் ஊரில் கறியை இரண்டு விசில் குறைவாக வைத்தாலே வீட்டில் சண்டை வரும். நான் ஜன்னல் பக்கம் திரும்பி, வெளியே பனியை மிகுந்த அக்கறையோடு ரசித்தேன்.

பிறகு நான் போகும் காரியத்தைக் கேட்டார். சொன்னேன். ஜெர்மன்காரர்களைப் பற்றி அன்று ஒன்று தெரிந்துகொண்டேன். பக்கத்தில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்தாலும் வாய் திறக்காதவர்கள், கார் வாங்கப் போகிறேன் என்றால் போதும், பெட்டியே திரும்பி உட்காரும். ஊரில் பெண் பார்க்கப் போகிறவனுக்குப் பஸ்ஸில் கிடைக்கும் அத்தனை யோசனையும் கிடைத்தது.

"டயர். மற்றதெல்லாம் அலங்காரம்," என்றார் பச்சைக் கறிப் பெரியவர்.

"பேட்டரி," என்றார் பின்னால் இருந்த ஒரு பெண்மணி. "குளிரில் முதலில் சாவது அதுதான்."

"சீட்டுச் சூடு," என்றார் அவர் கணவர். மனைவி முறைத்ததும் பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார்.

ரயில் இறங்கி ஏறிய பஸ், மலைப் பாதையில் பாதித் தூரத்தில் நின்றது. ஓட்டுநர் கண்ணாடி வழியாக எங்களைப் பார்த்து, "இதற்கு மேல் நான் போவதாக இல்லை," என்றார். எல்லோரும் பேசாமல் இறங்கி நடந்தார்கள். நம் ஊராக இருந்தால் அங்கேயே ஒரு சாலை மறியல் நடந்து, எம்.எல்.ஏ. வந்திருப்பார். நானும் நடந்தேன். இரண்டு முறை விழுந்தேன். எழுபது வயதுப் பாட்டியம்மா ஒருவர் இரண்டு கைப்பைகளோடு என்னைத் தாண்டிப் போகும்போது, "முழுப் பாதத்தையும் வை, பெங்குவின் மாதிரி," என்று சொல்லிவிட்டுப் போனார்.

வீட்டுக் கதவைத் திறந்த வதனி அக்கா, என் முழங்காலில் ஒட்டியிருந்த பனியைப் பார்த்துச் சிரிப்பை அடக்கினார். "இஞ்சினியர் தம்பி சாம்பிள் எடுத்துக்கொண்டு வந்திருக்கிறார்."

அன்றிரவு புட்டும், மீன் குழம்பும், கத்தரிக்காய்ப் பால்கறியும், இடித்த சம்பலும். அந்தச் சம்பலின் காரம் காதுக்குள் போய் அடைப்பைத் திறந்தது. எங்கள் பக்கம் புட்டு என்றால் சர்க்கரை. இவர்கள் மீன் குழம்பையே ஊற்றிப் பிசைகிறார்கள். மூன்றாவது தடவை வாங்கும்போதுதான் எதற்கு இத்தனை அவசரம் என்பதை அக்கா சொன்னார்.

முதியோர் பராமரிப்பில் மூன்று வருட அவுஸ்பில்டுங் என்னும் தொழிற்பயிற்சி முடித்து, வீடு வீடாகப் போய் வயதானவர்களைக் கவனிக்கும் ஒரு சேவையில் அவர் சேர்ந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. ஆறாம் மாதம் முடிந்தால் வேலை நிரந்தரம். காலை ஆறு மணிக்குத் தொடங்கினால் ஏழு வீடுகள். அந்தச் சுற்றுக்கு டூர் என்று பெயர். ஏழும் மலையில். சிலருக்கு இன்சுலின் ஊசி, சிலருக்குக் குளிப்பாட்டு, எல்லோருக்கும் நேரம் முக்கியம். சொந்தக் காரில்தான் போக வேண்டும். முதல் பனி விழுந்த அன்று அவருடைய சின்னக் கார் மூன்றாவது வீட்டுச் சரிவில் பின்னோக்கி வழுக்கி, பள்ளத்தில் படுத்துவிட்டது. அக்கா ஊசிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தே போயிருக்கிறார். கடைசி வீட்டுக்குப் போனபோது பத்தரை.

"காரைத் திருத்த ஏலாதாம்," என்றார். "அங்கை எங்களுக்குப் பொறுப்பான மனிசி நல்ல ஆள்தான். ஆனா சொல்லிப்போட்டா. செவ்வாய்க்கிழமை விடிய ஆறு மணிக்கு மலை ஏறுற காரோட வாங்கோ, இல்லாட்டி உங்கட டூரை வேறை ஆளுக்குக் குடுக்கோணும் எண்டு. அது வரைக்கும் லீவு. குடுத்திட்டா பேந்து என்னை வச்சிருந்து என்ன செய்யப் போகினம்?"

"அதுக்குத்தானே இஞ்சினியரைக் கூப்பிட்டிருக்கு," என்றார் குணம் அண்ணை, என் தட்டில் இன்னொரு அகப்பைப் புட்டைப் போட்டபடி. அந்தப் புட்டு மட்டும் எளிதில் உள்ளே இறங்கவில்லை.

வியாழக்கிழமை முழுக்கச் சமையலறை மேசையில் வகுப்பு எடுத்தேன். இதில் எனக்குக் கூச்சமே கிடையாது. நான்கு சக்கரத்துக்கும் சக்தி போனால் வண்டி கிளம்பும், ஏறும். ஆனால் நிறுத்துவது டயர்தான் என்றேன். டயரின் பக்கவாட்டில் மலையும் அதற்குள் பனிப்பூவும் போட்ட குறி இருக்க வேண்டும், M+S என்று வெறும் எழுத்து மட்டும் இருந்தால் நம்பக் கூடாது என்றேன். அகல டயர் பார்க்க மிடுக்கு, ஒல்லி டயர்தான் பனியைக் கீறிக்கொண்டு தரையைத் தொடும் என்றேன். தரைக்கும் வண்டி வயிற்றுக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளியாவது வேண்டும் என்றேன்.

"ஆற்றை சாண்?" என்றார் குணம் அண்ணை.

"என்னங்கண்ணை?"

"உங்கட சாணோ என்ர சாணோ? எனக்குத் திருகாணி மிசினிலை ஒரு விரல் அரைவாசி போட்டுது."

வதனி அக்கா மட்டும் எல்லாவற்றையும் டூர் நோட்டின் பின்பக்கத்தில் ஒழுங்காக எழுதிக்கொண்டார். அவர் எழுதுவதைப் பார்க்கப் பார்க்க நான் இன்னும் பெரிய இஞ்சினியர் ஆகிக்கொண்டே போனேன்.

வெள்ளிக்கிழமை பள்ளத்தாக்கில் வரிசையாக இருக்கும் பழைய கார்க் கடைகளுக்குப் பஸ்ஸில் போனோம். முதல் கடையில் எங்கள் தொகையைச் சொன்னதும் கடைக்காரர் நல்ல மனதோடு சைக்கிள் கடைக்கு வழி சொன்னார். இரண்டாவதில் ஜீப் மாதிரியே தோற்றம் உள்ள ஒன்று இருந்தது. நான்கு சக்கர இயக்கமும் இல்லை, இடைவெளியும் இல்லை, கூரையில் கம்பி மட்டும் இருந்தது. "வேட்டி கட்டின வெள்ளைக்காரன் மாதிரி," என்றார் அண்ணை. மூன்றாவது கடை மலையடிவாரத்தில். கடைக்காரர் உயரமாக, அதிகம் பேசாதவராக, மூக்குச் சிவந்து நின்றார். அங்கேதான் அந்த வெள்ளி நிற ஜீப் நின்றது.

கச்சிதமாக ஐந்து கதவு. பின்னால் நான்கு சக்கர இயக்கம் என்று பளபளவென்று எழுத்து. பனிப்பூக் குறி போட்ட டயர். சூடாகும் சீட்டு. என் நோட்டின் ஒவ்வொரு கேள்விக்கும் அது பதில் வைத்திருந்தது. அடியில் பார்ப்பது என்று இருபத்து மூன்றாவது கேள்வி எழுதியிருந்தேன். தரையில் சேறும் பனியும் கலந்து கணுக்கால் அளவுக்குக் கிடந்தது. என் கோட்டைப் பார்த்தேன். தரையைப் பார்த்தேன். பிறகு சும்மா குனிந்து, டயருக்குப் பின்னால் கொஞ்சம் எட்டிப் பார்த்துவிட்டு, அந்தக் கேள்விக்கும் ஒரு டிக் போட்டேன்.

அக்கா அதை உப்புத் தூவிய பெரிய சாலையில் ஓட்டிப் பார்த்தார். காய்ந்த சாலை. வண்டி வெண்ணெய் மாதிரி ஓடியது. பின்சீட்டில் குணம் அண்ணை, "கீழை சுடுகுது வதனி, இது நல்ல சீற்," என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

"என்ன தம்பி, எடுக்கலாமோ?" என்றார் அக்கா.

"தாராளமா எடுக்கலாமுங்கக்கா. பர்ஃபெக்ட் வண்டி."

கடைக்காரரிடம் சனிக்கிழமை ஒன்பதரைக்குத் தெர்மின், அதாவது நேரம், வாங்கிக்கொண்டு திரும்பினோம். அன்று மாலை அண்ணை கோயில் கலண்டரை எடுத்து வைத்துக்கொண்டார். சனிக்கிழமை ராகு காலம் ஒன்பது முதல் பத்தரை என்றுதான் எனக்குத் தெரியும். இங்கே அப்படி இல்லையாம். சூரியன் எழும்புவதே எட்டரை மணிக்கு, நாலரைக்குப் படுத்துவிடுகிறது. பகல் சுருங்கினால் ராகு காலமும் சுருங்குமாம். கலண்டரில் பத்து இருபத்தைந்து முதல் பதினொன்று இருபத்தைந்து வரை என்று போட்டிருந்தது.

"பாத்தியளோ தம்பி, குளிர் காலத்திலை இந்த நாட்டிலை ராகுவுக்கும் பார்ட் டைம் வேலைதான்," என்றார்.

நான்கு எலுமிச்சம்பழம் வாங்கியிருந்தார். குளிர்பெட்டியில் இடமில்லை என்று அவற்றைப் பால்கனியில் வைத்தார்.

சனிக்கிழமை காலை, எல்லாம் நேரத்துக்கு நடந்தது, ஒப்பந்தம் தவிர. கடைக்காரர் ஒவ்வொரு எழுத்தையும் நிறுத்தி நிதானமாக எழுதினார். வதனி அக்காவின் முழுப் பெயரில் முப்பது எழுத்து. அதில் பதினொன்றாவது எழுத்தில் தப்புச் செய்துவிட்டு, புதிய படிவம் எடுத்தார். சுவர்க் கடிகாரம் பத்து பன்னிரண்டைக் காட்டியது. அண்ணையின் கால் ஆட ஆரம்பித்தது.

"இஞ்சாரும் வதனி, இவன் எழுதி முடிக்க ராகு வந்திடுவான். அவனிட்டைக் கேளும், காரை ஒருக்கா அசைச்சிட்டு வந்து கையெழுத்து வைப்பம் எண்டு."

அக்கா ஜெர்மனில் ஏதோ சொன்னார். கடைக்காரர் எங்களை மாறி மாறிப் பார்த்தார். பிறகு சாவியைக் கொடுத்துவிட்டுப் பின்னாலேயே வந்தார். என்ன நடக்கிறது என்று பார்க்கும் ஆசை அவர் முகத்தில் முதன்முதலாகத் தெரிந்தது.

முந்தைய இரவின் குளிரில் கடை முற்றம் முழுக்கக் கண்ணாடி போல உறைந்திருந்தது. முன் சக்கரம் இரண்டுக்கும் பின் சக்கரம் இரண்டுக்கும் அடியில் அண்ணை எலுமிச்சம்பழங்களை வைத்தார். கல் மாதிரி 'டக்' என்று சத்தம் கேட்டது. பால்கனியில் உறைந்துபோயிருந்தன. சூடத்துக்குக் காற்று விடவில்லை. அவர் தேவாரம் ஒன்றை வேகமாக முணுமுணுத்து, கையைக் காட்டினார்.

அக்கா முதல் கியரைப் போட்டார். முன் சக்கரம் இரண்டும் சுற்றின. நன்றாகவே சுற்றின. எலுமிச்சம்பழம் அசையவில்லை. வண்டியும் அசையவில்லை. இன்னும் கொஞ்சம் அழுத்தினார். பனித் தூள் என் முழங்காலில் தெறித்தது. அப்படியே நின்றது வண்டி.

"ஐஸ்," என்றார் கடைக்காரர். "சாதாரணம். கொஞ்சம் தள்ளினால் போதும்."

"வாங்கோ தம்பி, தள்ளுவம். பத்து இருவது ஆகுது," என்று அண்ணை பின்னால் ஓடினார்.

நான் நகரவில்லை. பின் சக்கரங்களைப் பார்த்துக்கொண்டு நின்றேன். முன் சக்கரம் அத்தனை சுற்றுச் சுற்றியும், பின் சக்கரம் ஒரு துளிகூடத் திரும்பவில்லை. முன் சக்கரம் வழுக்கினால் பின் சக்கரம் பிடித்துத் தள்ள வேண்டும். அதற்குத்தான் அந்தப் பளபள எழுத்து. சமன்பாடு எதுவும் தேவையில்லை. இது எங்கள் ஊர் லாரி கிளீனருக்கே தெரியும், எங்கப்பா அதுதான்.

"அக்கா, நிறுத்துங்க," என்றேன்.

வதனி அக்கா கண்ணாடியை இறக்கினார். "என்ன தம்பி?"

சொல்லாமலே விட்டுவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். தள்ளினால் வண்டி எலுமிச்சம்பழத்தில் ஏறிவிடும், எல்லோரும் வீட்டுக்குப் போய்ச் சந்தோஷமாகப் புட்டுச் சாப்பிடலாம், நான் ஆஹெனுக்குப் போய்விடலாம். செவ்வாய்க்கிழமை காலை மூன்றாவது வீட்டுச் சரிவில் இந்த வண்டி அக்காவோடு பின்னால் வழுக்கும்போது நான் வகுப்பில் முதல் பெஞ்சில் இருப்பேன். அந்தப் பெஞ்சுதான் கண்ணில் வந்தது.

"பின் சக்கரத்துக்குப் பவர் போகலைங்க. இது ஃபோர் வீல் டிரைவ் இல்லை. நான்... நேத்து அடியில பாக்கலைங்க. பாத்த மாதிரி டிக் போட்டுட்டேன்."

குணம் அண்ணை பின்னாலிருந்து நிமிர்ந்தார். "இருவத்தாறு கேள்வி எழுதி வச்சியள். கீழை பாக்கேல்லையோ?"

"கோட்டு அழுக்காயிடும்னு..."

என் கை காட்டிய பின் சக்கரத்தைக் கண்ட கடைக்காரர் இதற்குள் அட்டை ஒன்றைப் போட்டுப் படுத்து அடியில் நுழைந்திருந்தார். வெளியே வந்தபோது மூக்கோடு சேர்த்து முகமே சிவந்திருந்தது. பின் சக்கரத்துக்குப் போகும் நீளத் தண்டையே யாரோ கழற்றி எடுத்துவிட்டார்களாம். முன்பு வைத்திருந்தவர் அது கெட்டுப்போனதும், சரி செய்வதற்குப் பதில் கழற்றிப் போட்டிருக்க வேண்டும். "நான் இதை வாங்கியபோது," என்று மெதுவாகச் சொன்னார், "வெளியே மழை பெய்தது. நானும் கீழே பார்க்கவில்லை." சொல்லிவிட்டுப் பின்பக்கம் போய், பளபள எழுத்தை நகத்தால் கிள்ளிக் கிள்ளி எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

அந்த மனிதரை அந்த நேரத்தில் எனக்கு மிகவும் பிடித்துப்போனது.

வதனி அக்கா வண்டியை விட்டு இறங்கி, குளிரில் கையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றார். அவர் என்னைத் திட்டியிருக்கலாம். மாறாக, முற்றத்தின் கோடியைக் காட்டி, "அது என்ன?" என்று கடைக்காரரிடம் கேட்டார்.

வேலியோரம் ஒரு பச்சை நிறப் பெட்டி நின்றது. வனத்துறைக்காரர் ஒருவர் ஓய்வு பெற்றபோது விட்டுவிட்டுப் போன சின்ன ஜீப். மூன்றே கதவு. கூரையில் அரையடிப் பனி. யாரும் கேட்பதில்லை என்பதால் விலைப் பட்டியலில்கூடச் சேர்க்கவில்லையாம். கதவைத் திறந்ததும் ஈர நாயின் வாடை எங்களை வரவேற்றது. வெள்ளிக்கிழமையே நான் அதைப் பார்த்தேன். நோட்டில் எழுதும் தகுதிகூட அதற்கு இல்லை என்று நினைத்துத் தாண்டிப் போனேன்.

"தம்பி, கோட்டைக் கழட்டுங்கோ," என்றார் அக்கா. கழற்றினேன். வாங்கித் தன் கையில் மடித்துப் போட்டுக்கொண்டார். "இப்ப படுங்கோ."

ஸ்வெட்டரோடு பனியில் படுத்து அடியில் நுழைந்தேன். முதுகு எரிந்தது. முன்னாலிருந்து பின்னால் வரை தடியாக, கிரீஸ் பூசி, தண்டு இருந்தது. சாவியால் சட்டத்தைத் தட்டித் தட்டிப் பார்த்தேன். துரு மேலோடுதான், உள்ளே கெட்டியாக ஒலித்தது. டயர் ஒல்லி, பனிப்பூக் குறி, பள்ளம் ஆழம். இருபத்தாறு கேள்விகளையும் மல்லாந்து படுத்தபடி ஒன்றொன்றாகக் கேட்டேன். வெளியே அண்ணையின் செருப்பும் கடைக்காரரின் பூட்சும் மட்டும் தெரிந்தன. ஆமாம், பனியிலும் அண்ணை சாக்ஸ் மேல் செருப்புத்தான்.

"இருக்குதோ?" என்றது செருப்பு.

"இருக்குதுங்கண்ணை. ஆனா நிச்சயமாத் தெரியணும்னா மலை ஏத்திப் பாக்கணும். என் வார்த்தையை நம்பாதீங்க."

இதைச் சொல்ல எனக்கு இருபத்து நான்கு வயது ஆக வேண்டியிருந்தது.

கடைக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டிக்குப் போகும் பாதை ஒன்று இருந்தது. உப்புப் போடாத, வண்டித் தடம் விழாத சரிவு. பதிவாகாத வண்டிகளை ஓட்டிப் பார்க்க வைத்திருக்கும் சிவப்பு நம்பர் பலகையைக் கடைக்காரர் மாட்டினார். அண்ணை மணியைப் பார்த்துவிட்டு வழியை மறித்தார்.

"வதனி, பத்தரை தாண்டிட்டுது. பதினொண்டரைக்குப் பிறகு ஏத்துவம். ஒரு மணித்தியாலம்தானே."

"அவர் ஒரு மணிக்குக் கடை பூட்டிப்போடுவார். எனக்கு ஒருக்கா ஏத்தினாக் காணாது, நாலு தரம் ஏத்தோணும்." அக்கா கதவைத் திறந்து ஏறினார். "ராகுவுக்கு ஒரு மணித்தியாலம். சினோ மூண்டு மாசம். ஏறுங்கோ."

அண்ணை, வெள்ளி ஜீப்பின் அடியிலிருந்து பொறுக்கி வந்த எலுமிச்சம்பழங்களைப் பார்த்தார். சரி, அதையாவது செய்வோம் என்று நான்கு சக்கரத்தின் அடியிலும் வைத்தார். நான்கு சக்கரத்துக்கும் சக்தி அனுப்ப கியருக்குப் பக்கத்தில் இருந்த குட்டைக் கம்பி ஒன்றை அக்கா பின்னால் இழுத்து, கிளட்சை விட்டார். நான்கு சக்கரமும் ஒரே நேரத்தில் திரும்பின. கண்ணாடி உடைவது போல நான்கு முறை 'கிறக்' என்றது. வெள்ளைத் தரையில் மஞ்சள் தூள்.

கடைக்காரர் குனிந்து அதில் ஒரு துண்டை எடுத்து முகர்ந்து பார்த்தார். பிறகு என்னிடம் மிகவும் மரியாதையாகக் கேட்டார்: "உங்கள் நாட்டில் வாகனத் தகுதிச் சோதனை இப்படித்தானா?"

"ஆமாம்," என்றேன். "மிகவும் கண்டிப்பானது."

நான்கு முறை ஏற்றினோம். மூன்றாவது முறை அக்கா சரிவின் நடுவில் வேண்டுமென்றே நிறுத்தி, எஞ்சினை அணைத்து, பத்து எண்ணி, மறுபடி கிளப்பினார். வண்டி முனகிக்கொண்டு ஏறியது. இறங்கும்போது பிரேக்கைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். பின்சீட்டில் அண்ணை முருகனை ஒவ்வொரு வளைவிலும் ஒரு முறை கூப்பிட்டார். ஹீட்டர் மட்டும் ஊர் டீக்கடை அடுப்பு மாதிரி அடித்தது. அதில் நாய் வாடை இன்னும் நன்றாகக் கிளம்பியது. பதினொன்று பத்துக்கு, ராகு நடு வேலையில் இருக்கும்போது, வதனி அக்கா கையெழுத்துப் போட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மஞ்சள் தண்ணீர், வினிகர், சாம்பிராணி என்று மூன்று சுற்றுக் கழுவியும் நாய் போகவில்லை. திங்கட்கிழமை பதிவு அலுவலகத்தில் எண் பலகை வாங்கி மாட்டினோம். அன்று மாலை நான்கு மணிக்குப் பனி ஆரம்பித்தது. படுக்கப் போகும்போது பால்கனிக் கம்பி தெரியவில்லை. வானொலியில் பஸ்கள் ஓடாது என்று சொன்னார்கள். "அப்ப என்னோட வாங்கோ, டூர் முடிச்சு ஸ்டேசனிலை விட்டுடுறன்," என்றார் அக்கா.

செவ்வாய்க்கிழமை ஐந்தரை மணிக்கு ஜீப்பில் ஏறினேன். ஹெட்லைட் வெளிச்சத்தில் பனி எங்களை நோக்கிச் சாய்வாக வந்துகொண்டே இருந்தது. சாலை எது, வயல் எது என்று தெரியவில்லை. முதல் இரண்டு வீடுகளில் அக்கா இறங்கிப் போய், கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். நான் வண்டியில் உட்கார்ந்து ஓட்டுநர் இல்லாத ஸ்டீரிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாவது வீட்டுச் சரிவு தொடங்கும் இடத்தில் அவர் நிறுத்தினார். பள்ளத்தில் பழைய கார் கிடந்த இடத்தில் வேலி இன்னும் உடைந்தபடியே இருந்தது. அக்கா குட்டைக் கம்பியை இழுத்தார். நான் மேலே இருந்த பிடியைப் பிடித்துக்கொண்டேன். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நிமிடம் எனக்குத் தெரிந்த பொறியியல் எல்லாம் அந்தப் பிடியைக் கெட்டியாகப் பிடிப்பதற்குத்தான் உதவியது. பாதியில் பின்பக்கம் ஒரு சாண் விலகியது. அக்கா ஸ்டீரிங்கை ஒரு தொடு தொட்டுத் திரும்பக் கொண்டுவந்தார். எஞ்சின் சத்தம் மாறவேயில்லை.

"தம்பி," என்று குரல் கேட்டது. "கண்ணைத் திறவுங்கோ. வந்திட்டம்."

நான்காவது வீடு, ஐந்தாவது, ஆறாவது. ஆறாவது வீட்டிலிருந்து வரும்போது என்னிடம் ஒரு துண்டு கேக் கொடுத்தார். அந்த வீட்டுத் தாத்தா, வண்டியில் உட்கார்ந்திருக்கும் பயந்த மனிதருக்கு என்று சொல்லிக் கொடுத்தனுப்பினாராம். இலவங்கமும் தேனும் போட்டு, கொஞ்சம் கல் மாதிரி இருந்தது. சாப்பிட்டேன்.

ஏழாவது வீடு காட்டின் விளிம்பில் தனியாக நின்றது. அக்கா மணியை அடித்ததும் கதவு திறந்தது. இரவு உடையில், தலை கலைந்து, கையில் கடிகாரத்தோடு ஒரு பெண்மணி. அவர் ஏதோ கடுமையாகப் பேசினார். விரலைக் கடிகாரத்தில் தட்டித் தட்டிக் காட்டினார். அக்கா தலையை ஆட்டி ஆட்டி மன்னிப்புக் கேட்பது தெரிந்தது. கதவு மூடி, அரை மணி நேரம் கழித்துத்தான் திறந்தது.

அக்கா வந்து ஏறினார். கதவைச் சாத்தினார். இரண்டு கையையும் ஸ்டீரிங்கில் வைத்துக்கொண்டு முன்னால் பார்த்தபடி இருந்தார்.

"என்னங்கக்கா, லேட் ஆயிடுச்சா?"

"ஆறு நிமிசம் முந்தி வந்திட்டனாம் தம்பி. மனிசி இன்னும் தலை இழுக்கேல்லையாம். இதென்ன பழக்கம் எண்டு கேக்கிறா." குரல் கொஞ்சம் உடைந்து, உடனே சிரிப்பாக மாறியது. "ஒஃபிசுக்குப் போன் பண்ணிச் சொல்லப் போறாவாம்."

கண்ணாடி முழுக்க மூச்சு படியும்வரை இருவரும் சிரித்தோம். பிறகு அவர் கையுறையால் கண்ணாடியைத் துடைத்தார். கண்ணையும் துடைத்தார்.

"சொல்லட்டும்," என்றார் கியரைப் போட்டபடி. "வடிவாச் சொல்லட்டும்."